மேஜை இழுப்பறையில் உன் ஃபிளாப்பி

நேற்று பக்கத்து வீட்டுப் பெண், பள்ளிக்கூடப் பாடத்துக்கான செயலியில் தான் எழுதிய கடிதத்தை ஏற்றப் பார்த்தாள். ‘இந்த வகைக் கோப்பைத் திறக்க இயலாது’ என்றது திரை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு உன் நினைவு வந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில், இதே பதிலைத்தானே என் மென்பொருள் உனக்குச் சொன்னது?

நம் கம்ப்யூட்டர் சென்டரில் நான் பொறுப்பாளர், நீ ஆசிரியை. கடிதம் அடிக்கப் பழக்க நானே ஒரு மென்பொருள் எழுதியிருந்தேன். நான் வைத்த மாதிரிக் கடிதங்களை மட்டும்தான் அது திறக்கும். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. மாணவிகளோ நிஜக் கடிதங்களை வேறு புரோகிராமில் அடித்துக் கொண்டுவருவார்கள். மில்லில் அப்பாவுக்கு லீவு, தளவாய்புரத்து அண்ணனுடைய துணிக்கடைக்குச் சரக்கு, இப்படி.

“ஊரு பேரு இல்லாத ஆளுக்கு லட்டர் அடிச்சு என்னக்கா படிப்பு? பிள்ளைக வீட்டு லட்டரத் தொறக்க வைங்க” என்பாய்.

“பாடத்துல உள்ளத ஒழுங்கா அடிக்கச் சொல்லுட்டி” என்று உன் வாயை அடைப்பேன்.

ஆசிரியைகள் விடுப்புக் கடிதத்தைக்கூட ஃபிளாப்பியில்தான் தர வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்.

ஐப்பசி மழையில் ஒருநாள், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைவிட்டு இறங்கி நனைந்தபடி வந்தாய். ஃபிளாப்பி மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது. “இதுல நெசமான லட்டர் இருக்குக்கா. செத்த நேரம் ஒதுக்கித் தொறந்து பாருங்க” என்றாய். என் மென்பொருளில் போட்டேன். திறக்க இயலாது என்றது. “பாத்தியா?” என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “பொறவாவது பாருங்க.” யாரோ ஒரு மாணவியின் கடிதம் என்று நினைத்து இழுப்பறையில் போட்டேன். வேறு புரோகிராமில் திறக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

அதன்பிறகு மூன்று வாரம் தினமும் வந்தாய். அறை வாசலில் செத்த நேரம் நின்று என் முகத்தைப் பார்ப்பாய். உனக்கென்று எதையும் மறுபடி வந்து கேட்கிற பழக்கம் உனக்குக் கிடையாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினாய். ஒருநாள் வகுப்பிலேயே சரிந்தாய். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, எந்தச் சாதாரணக் கடிதத்தையும் திறக்கும்படி மென்பொருளை மாற்றினேன். உன் ஆசையாயிற்றே என்றுதான். சோதித்துப் பார்க்க உன் ஃபிளாப்பியைப் போட்டேன். திறந்துகொண்டது. எனக்கு நீ எழுதிய விடுப்புக் கடிதம். வயிற்றுக் கட்டியை உடனே எடுக்கச் சொல்கிறார் டாக்டர், திங்கட்கிழமை முதல் ஒரு மாதம் விடுப்பு வேண்டும், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கடைசி வரி: “உங்கள் பதில் கிடைத்ததும் கிளம்புகிறேன்.”

இப்போதெல்லாம் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன். நேற்றும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கடிதத்தை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டு முடிக்கும்வரை நீ வாசலில் நின்றிருந்தாய். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

லீவு தந்தாச்சு. திங்கக்கெழமையே கெளம்புட்டி.