தென்னேரி என்று எழுதியது நான்தான்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14-9-2003

அன்புள்ள குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் புனேயில் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். போன தடவை போனில் இருமிக்கொண்டே பேசினாய், கேட்டால் தூசி என்றாய். ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுப் படு. இங்கே மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அப்பா தறியில் புதுப் பாவு ஏற்றியிருக்கிறார், அரக்கு உடம்பு, பச்சைக் கரை. எதிர் வீட்டுத் தனசேகரன் மாமாவின் நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்றின் முதுகில் திட்டுத் திட்டாக இருக்கும் கறுப்பைப் பார்த்தபோது, நீ இருந்தால் இந்நேரம் தெருவிலேயே குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் படங்களைப் பார்த்தவர்கள் எழுதிய நோட்டை ஸுஷ்மா உனக்கு அனுப்பிவிட்டாளாம். அதை நீ பிரிப்பதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நாளைக் காலை பெரிய தபால் ஆபீசுக்கே போய் ஸ்பீட் போஸ்டில் போடப் போகிறேன்.

போன வாரம் சனிக்கிழமை நானும் அப்பாவும் உன் படக் கண்காட்சியைப் பார்க்க ஏனாத்தூர் காலேஜுக்குப் போனோம். உன்னோடு படித்த பெண் இவ்வளவு பொறுப்பாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை, ஸுஷ்மா கூடத்தை அவ்வளவு நன்றாக ஏற்பாடு செய்திருந்தாள். படத்துக்குக் கீழே எண் மட்டும் போட்டு, இது எதன் படம் என்று பார்ப்பவர்களையே நோட்டில் எழுதச் சொன்ன உன் யோசனை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. பாலாடைச் சுருக்கத்தை ஒருவர் மேகம் என்றார், பலாப்பழத் தோலை முதலை என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள், நனைந்த பட்டு நூலைப் பாலாறு வெள்ளம் என்று எழுதியிருந்தார்கள். அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். அது கோயில் இல்லை, வேறு யாரும் கழற்றவில்லை, அவருடைய ஒரு ஜோடி மட்டும் வாசலில் கிடந்தது. எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்று மெல்லச் சொன்னேன். “புள்ள படம் மாட்டிக்கிற எடம்பா, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

பத்தாவது படம் வற்றிப்போன தென்னேரி ஏரி, அதை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் பதினொன்று. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது குழலி. சித்திரையில் நீ வந்திருந்தபோது அப்பா சாப்பிட்டுவிட்டு வாசற்படிப் பக்கம் காலை நீட்டித் தூங்கினார், நீ காமிராவோடு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாய், சத்தம் போடாதே என்று எனக்குக் கை காட்டினாய். அந்தப் பாதம்தான் படத்தில். விரல்களுக்குக் கீழே தறியின் மிதிகட்டை அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம், குதிகாலில் ஓடும் வெடிப்பு, ஓரத்தில் பிறை போல ஒரு வடு. நீ ஐந்தாவது படிக்கும்போது மிதிகட்டை உடைந்து கிழித்த வடு அது, மஞ்சள் வைத்துக் கட்டியது நான். எனக்குத் தெரியாமல் போகுமா.

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளி ரமாமணி டீச்சர் தன் வீட்டுக்காரரோடு வந்தார். சின்னக் காஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். “நீங்க சயின்ஸ் டீச்சர், நீங்களே சொல்லுங்கோ, இது என்னவா இருக்கும்?” என்று கேட்டார். அப்பா எனக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் படத்தோட ஏரிதான், கிட்டே போய் எடுத்திருக்கா என்றேன். அப்படியென்றால் எழுதுங்கள் என்று பேனாவையும் நீட்டினார். பதினொன்றுக்கு எதிரே ‘தென்னேரி’ என்று எழுதி, கீழே பட்டத்தோடு கையெழுத்தும் போட்டேன். உங்க சார் வரலையா என்று அவர் கேட்டதற்குக் காதில் விழாதது போல நோட்டின் பக்கத்தைப் புரட்டினேன். தலை நிமிர்ந்தபோது அப்பா பன்னிரண்டு, பதின்மூன்று எல்லாம் தாண்டிக் கடைசிப் படத்துக்கு முன்னால் யாரோ போல நின்றார்.

இது ஒரு நாளில் வந்தது இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோது பள்ளியில் கொடுத்த தாளில் கணவர் தொழில் என்ற இடத்தில் பட்டு வியாபாரம் என்று எழுதினேன். நெய்த சேலை விற்கத்தானே போகிறது, இது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து டீச்சர்களுக்கு அப்பா வியாபாரி. பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு தடவையும் நான் அவரைக் கூப்பிட்டதில்லை, ஏன் என்று அவரும் கேட்டதில்லை. எங்கள் பிறந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், ஆனால் பி.எட். படிக்கச் சொன்னது அப்பாதான். பரீட்சை நாட்களில் தறியை நிறுத்திவிட்டு என்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, நான் எழுதி முடிக்கும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பாதத்தைப் பார்த்து ஏரி என்று எழுதியபோது இது எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ரமாமணி டீச்சர் கீழே குனிந்து அப்பாவின் வெறுங்காலைப் பார்த்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. மகளுக்கு எழுதும் விஷயமா இது என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்த மூன்றாவது தாளில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து குழாயடியில் கால் கழுவும்போது அப்பா, “டீச்சரம்மா, தென்னேரிக்குத் தண்ணி வந்துக்கினு இருக்குது, வந்து பாருங்க” என்றார். அவருடைய கேலிதான் உனக்குத் தெரியுமே. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழுதால் ஏன் என்று சொல்ல வேண்டும், உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் அதைப் பேசவே இல்லை. புதன்கிழமை அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலேயே சொன்னார், “நான் வியாபாரின்னே இருந்துட்டுப் போறேன் கங்கா, அதுல ஒண்ணும் இல்ல. அந்தப் புள்ள எம்மாம் நேரம் குந்திக்கினு எடுத்த படத்தப் போயி ஏரின்னு எழுதிட்டியே.” அப்படியென்றால் சித்திரையில் அவர் தூங்கவே இல்லை. நீ படம் எடுக்கிறாய் என்று தெரிந்துதான் காலை அசைக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஏனாத்தூருக்கு ஓடினேன், எழுதியதை அடித்துவிடலாம் என்று. படங்களையெல்லாம் இறக்கிவிட்டார்கள், நோட்டும் காலையிலேயே தபாலில் போய்விட்டது என்றாள் ஸுஷ்மா. ஆகவே என் கையெழுத்து உன்னிடம் வருகிறது. பதினொன்றுக்கு வேறு யாராவது சரியாக எழுதியிருக்கிறார்களா என்று தேடுவாய், அம்மாவாவது சரியாக எழுதியிருப்பாள் என்று நினைத்திருப்பாய். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதே. எனக்காக நீ அதில் எதையும் திருத்தவும் வேண்டாம். நோட்டை அப்படியே ரிஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்பு. பள்ளிக்கு எடுத்துப் போய், ரமாமணி டீச்சர் பார்க்க நானே அடித்துவிட்டு எழுத வேண்டும். அவரிடம் சும்மா வாயால் சொல்லலாமே என்று நீ கேட்பாய். இரண்டு நாள் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, கேள்வித்தாளைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். எழுதித்தான் பழக்கம் எனக்கு. அடுத்த மாதம் புனேயில் மாட்டும்போது அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று போனில் கேட்டாய், பிறகு சொல்கிறேன் என்றேன். அப்பா பெயரையே போடு, முழுப் பெயராகப் போடு.

அப்பாவிடம் உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அடுத்த தடவை காலைப் படம் எடுப்பதானால் முன்னாலேயே சொல்லச் சொன்னார், கழுவிக்கொண்டு வருவாராம். நீ அதற்கெல்லாம் மசியாதே, அப்படியே எடு. ஏகாம்பரநாதரும் உன் பெயர்கொண்ட அம்மனும் உன்னை நோயில்லாமல் வைத்திருக்கட்டும், எடுத்த வேலையெல்லாம் கைகூடி வரட்டும். இருமலுக்குச் சுக்குப் பொடி ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் போட்டுக் குடி. நோட்டை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா,
கங்கையம்மாள், பி.எஸ்ஸி., பி.எட்.,
க/பெ. திருஞானசம்பந்தம், நெசவாளர்.