நகம் தட்டுகிற சிலிண்டர்

மகாராணிக்கு,

பிரித்துப் போட்டிருக்கிற நம் லாரி என்ஜினைப் பார்க்க மத்தியானம் மெக்கானிக் வருவார், நான் மூட்டை தூக்கப் போயிருப்பேன். நேற்று நான், "சிலிண்டர் வழவழன்னு இருக்கு, ரிங் மட்டும் மாத்தினா போதும்" என்றேன். நீ உள்ளே விரலை விட்டு, "விளிம்புல நகம் தட்டுதே, தேஞ்சு பள்ளமாயிருக்கு" என்றாய். "சட்டி கழுவுற கைக்கு என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

காலையில்தான் என் விரலைப் பார்த்தேன். மூட்டை தூக்கித் தூக்கி நகமே இல்லை, அப்புறம் எங்கே தட்டும்! சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டனே போடச் சொல். அதோடு கையிருப்பு காலி. டீசல் பம்பைத் தொட வேண்டாம், ஓடுகிறவரை ஓடட்டும். பெயிண்ட் என்று வாயைத் திறந்தால் துரத்திவிடு, லாரி என்ன மாப்பிள்ளையா?

சோறு சின்னச் சட்டியில். பெரிய சட்டியில் மண்ணெண்ணெயில் ஊறுவது என்ஜின் வால்வு, கிளறிவிடாதே.

பி.கு: கோபத்தில் நகத்தை வெட்டிவிடாதே. மெக்கானிக்கும் மொட்டை விரல்காரர்தான். நீதான் தடவிக் காட்ட வேண்டும்.