ஒன்று ஐம்பத்தைந்துக்கு முடிந்த கையெழுத்து

போன கிழமை நீங்கள் இறந்துவிட்டீர்கள். இன்று காலை உங்கள் மகள் கடைக்கு வந்து சொன்னாள். சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் நீங்கள் பென்சிலால் குறித்துவந்த நீல நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். துக்கப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் நோட்டைத் திறந்ததும் இரண்டு வருடத்துக்கு முந்திய அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. பில்லும் ஓடரும் நான் இங்கிலீசில் எழுதுவேன். மனதில் உள்ளதைத் தமிழில்தான் எழுத வரும்.

அப்போது நான் பழைய வேனில் அரிசியும் மிளகாய்த்தூளும் ஏற்றி, வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தவன். இந்த வெள்ளைக்கார நாட்டில், டூட்டிங் என்ற இடத்தில், உங்கள் கடை வாடகைக்கு வந்தது. அது கிடைத்தால் தெருவில் அலைச்சல் முடியும். கிடைக்காவிட்டால் இந்த வயதில் இன்னொரு குளிர்காலம் வேனில்தான். என்னைவிடக் கூடுதலாகத் தருவதாக ஒரு வீடியோக் கடைக்காரர் காத்திருந்தார். நீங்களோ பணத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

"நான் பேகன். கிறிஸ்தவம் வருமுன் இங்கே இருந்த தெய்வங்களைக் கும்பிடுகிறவள்" என்றீர்கள். "பங்குனியில் பகலும் இரவும் சமமாகும் நாள்தான் எங்களுக்குத் தொடக்கம். இந்த வருடம் அது வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்று ஐம்பத்தைந்துக்கு சூரியன் பூமத்தியரேகையைக் கடக்கிறது. அந்த நிமிடத்தில் கையெழுத்து வைக்கிறவருக்குத்தான் கடை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் இரண்டு மணி நேரம் கடையைப் பூட்டி, பின்முற்றத்தை எங்கள் சடங்குக்கு விடவேண்டும்."

பங்குனி என்று நீங்கள் சொல்லவில்லை, மார்ச் என்றுதான் சொன்னீர்கள். எனக்குப் பங்குனி என்றே கேட்டது.

வீட்டில் என் மனைவி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "வியாழக்கிழமை ஒண்டரையிலையிருந்து மூண்டு மட்டும் ராகு காலம். அதுக்குள்ளை கையெழுத்து வைச்சால் நான் அந்தக் கடைப்படி மிதிக்கமாட்டன், சொல்லிப்போட்டன்!"

நான் யாவாரி, வழி தேடாமல் விடுவேனா? உங்களுக்குப் போன் எடுத்தேன். "ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, கெட்ட நேரம். ஆனால் எங்களுக்குத் தொடக்கம்தான் முக்கியம். ஒன்றரைக்கு முன் முதல் எழுத்தை எழுதுகிறேன். பேனையை எடுக்காமல் ஒன்று ஐம்பத்தைந்துக்கு முடிக்கிறேன். சரியா?" விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "உங்கள் பெயர் அவ்வளவு நீளமா?" என்று கேட்டுச் சம்மதித்தீர்கள்.

அன்றைக்குப் பார்த்து, மோர்டனில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு, நான் திருநீறு பூசவில்லை என்று மனைவி திருப்பிக் கூட்டிப்போனாள். நாங்கள் கடைக்குள் ஓடி வந்தபோது மணி ஒன்று முப்பத்திமூன்று.

"முடிஞ்சுது. வாங்கோ, வீட்டை போவம்" என்றாள் அவள். வீடியோக்காரர் செக் புத்தகத்தைத் திறந்தார். பின்முற்றத்தில் உங்கள் கூட்டாளிகள் ஏழு பேர், சாயம் பூசிய முட்டைகளும் மஞ்சள் டஃபடில் பூக்களும் வைத்து வட்டமாக நின்றார்கள்.

நீங்கள் மட்டும் பதறவில்லை. "அந்த ஒன்றரை எப்படி வருகிறது?" என்று கேட்டீர்கள்.

"சூரியன் உதித்து மறையுமட்டும் எட்டுப் பங்கு. வியாழக்கிழமைக்கு ஆறாவது பங்கு ராகுவுக்கு. ஆறுக்கு உதயம், ஆறுக்கு மறைவு" என்றேன்.

"எந்த ஊரில் ஆறு மணி? இங்கே இன்றைக்கு உதித்தது ஆறு நாலுக்கு. மறைவது ஆறு பதின்மூன்றுக்கு." நோட்டுப் புத்தகத்தில் கடகடவென்று பிரித்தீர்கள், பெருக்கினீர்கள். "உங்கள் ராகு ஒன்று நாற்பதுக்குத்தான் வருகிறார். எழுதுங்கள் மனுசா!"

என் மனைவி யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவள். புத்தகத்தைப் பறித்து ஒருதரம் பார்த்தாள். "ஓம், அவ சொல்லுறது சரி. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எழுதுங்கோவன்!"

ஒன்று முப்பத்தேழுக்கு முதல் எழுத்தைப் போட்டேன். பிறகு பதினெட்டு நிமிடம் பேனை தாளை விட்டு எழும்பவில்லை. நத்தை மாதிரி ஊர்ந்தது. விரல் விறைத்தது. "பேனை வழுக்கப் போகுது, கவனம்" என்று மனைவி ஒரு பக்கம். "இன்னும் மூன்று எழுத்து, பொறுங்கள்" என்று நீங்கள் மறுபக்கம். வீடியோக்காரர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தான் போல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பின்முற்றத்தில் மணி அடித்தது. கடைசிச் சுழியை முடித்தேன். யாரோ முரசடிக்க, ஏழு பேரும் கத்த, என் மனைவி உங்களைக் கட்டிப்பிடித்து உங்கள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். நீங்கள் அவள் கையில் ஒரு சிவப்பு முட்டையை வைத்தீர்கள். இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும், இது என் ஊர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

இன்று உங்கள் மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அம்மா இல்லை. அந்தப் பின்முற்ற நிபந்தனையை வெட்டிவிடலாமா? உங்களுக்கு யாவாரம் கெடும்."

நான் எதற்கும் பேரம் பேசுகிறவன். இதில் மட்டும் பேசவில்லை. அவளும் நானும் கை கொடுத்து முடித்தது இதுதான்: குத்தகை பத்து வருடம், அதில் மீதி எட்டு; வாடகை கிழமைக்கு நூற்றைம்பது பவுண்ட், கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை; பகலும் இரவும் சமமாகும் நாளில் இரண்டு மணி நேரம் கடை பூட்டு, பின்முற்றம் உங்கள் ஆட்களுக்கு, முட்டை என் செலவு.