தூக்கியவர்கள்

4.6.1991
சென்னை ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாதம். புளிய மரத்திலிருந்து விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு எதுவுமில்லை. கைகள் இருக்கின்றன. எழுதுகிறேன்.

9.6.1991
வார்டில் பதினான்கு பேர். ஒவ்வொருவராகக் கேட்டேன். மரம் ஆறு. கிணறு மூன்று. கட்டடச் சாரம் இரண்டு. லாரி இரண்டு. நெல் மூட்டையோடு சறுக்கியவர் ஒருவர். அநேகமாக எல்லோரும் நாற்பதுக்குள்.
பக்கத்துப் படுக்கை வெங்கடேசன் சிரித்தார்: "இன்னா தம்பி, எம்.ஏ. படிச்சிட்டு சென்சஸ் எடுக்கிறியா?"

12.6.1991
இன்னொரு கேள்வி. விழுந்தவுடன் கால் அசைந்ததா? ஐந்து பேருக்கு அசைந்தது. பிறகு? உட்கார வைத்தார்கள், சோடா கொடுத்தார்கள், மொபெட்டில் இருவருக்கு நடுவே உட்கார்த்திக் கொண்டுபோனார்கள். ஐவருக்கும் அதே.
நர்ஸ் லூர்தம்மாள்: "முதுகெலும்புல அடிபட்டவன படுத்த மேனிக்கே பலகையில கொண்டாரணும்பா. எவன் கேக்கறான்?"
நான் விழுந்த அன்று என் கால்விரல் மண்ணைக் கீறியது. எதிர்வீட்டு நடேசன் மாமா அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். உட்கார்த்தினார். சோடா.
அதனால்தானா? டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்.

16.6.1991
ஞாயிறு. மாமா சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ் மாறி வந்தார். வாரம் தவறியதில்லை. புரட்டி, முதுகு துடைத்து, பவுடர் போட்டார். எனக்குப் படுக்கைப்புண் இல்லை.
சொன்னால் இவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஊரில் அடுத்து விழுபவனையும் இப்படித்தான் —

23.6.1991
சொன்னேன்.
"அப்போ நான்தானாடா உன்ன..."
"தெரியாது மாமா. டாக்டருக்கே தெரியல. அத்தினி பேரு நின்னு பாத்துகினு இருந்தாங்க. நீங்கதான் ஓடி வந்தீங்க. அது தெரியும்."
டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

30.6.1991
வரவில்லை.

7.7.1991
வரவில்லை. ஏன் சொன்னேன்?

14.7.1991
வந்தார். முகத்தில் தூக்கமில்லை.
"நம்மூர் இராமச்சந்திரன் நேத்து கெணத்து மோட்டார் எறக்க சொல்லோ வுழுந்துட்டான். சோடாவ எடுத்துகினு ஓடியாறானுங்க. எவனையும் தொடவுடல. எங்கூட்டுக் கதவப் பேத்து எடுத்துகினு போயி, அதுமேல படுக்க வெச்சி, டிராக்டர்ல கொண்டாந்தோம். கீழ வார்டுலதான் கீறான்."
"கால்?"
"ஆட்டறான்டா."
அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

21.7.1991
மாமா முதுகு துடைத்தார். வீட்டுக் கதவை மறுபடி மாட்டவில்லையாம். வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார். உள்ளே நாய் வருகிறது என்று அத்தை திட்டுகிறாராம்.
"வந்தா வருது. அவசரத்துக்கு ஆணி புடுங்கிகினு இருக்க முடியுமா?"