பெட்டியின் தலைமாட்டில் நிற்கும் படம்

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.

அன்பு மகன் டிரேவருக்கு,

மம்மி எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தம்பி சிரிலும் உடம்பில் சுகமாக இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும், அந்த அரிசோனா வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்கக்கூடாது என்று தினமும் ஜெபத்தில் உன்னை வைக்கிறேன். போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறோம். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

டாடி போய் நாற்பது நாள் ஆகிறது. ஹாலில் போட்டிருந்த கட்டிலை எடுத்துவிட்டோம், அதற்கு மேலே நீ அனுப்பிய சனிக் கிரகத்தின் படம் மட்டும் அப்படியே இருக்கிறது. சனியைச் சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் அதற்குள்ளேயே விழுந்து எரிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அது எடுத்த படங்களை உன் ஆபீஸில் நீங்கள் உட்கார்ந்து சேர்த்துக்கொண்டிருப்பது டாடிக்குப் பெரிய அதிசயம். முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த மனுஷன் இல்லையா, கலர் படத்தைவிடக் கருப்பு வெள்ளையில் நீ அனுப்புகிற மூலப் படங்கள்தான் அவருக்குப் பிடிக்கும், அதில் வெள்ளையாய்ப் புள்ளியும் கீறலும் தெரிந்தால் "பிலிம் கழுவுறப்ப தூசி பட்டிருக்கு" என்பார், அது தூசியும் இல்லை நட்சத்திரமும் இல்லை, கேமராவில் வந்து மோதிய கதிர் என்று நீ பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தாய். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முடிப்பதற்குள் சனியின் நிலா நகர்ந்துவிடும், சேர்த்துப் பார்த்தால் ஒரே நிலா மூன்று நிறத்தில் மூன்று இடத்தில் நிற்கும் என்று நீ சொன்னதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளையும் விடமாட்டார். பக்கத்து வீட்டு வேதநாயகிக்கு மட்டும் அந்தப் படத்தைக் கண்டால் ஆகாது, "சனியைப் போய் யாராச்சும் வூட்டுல மாட்டுவாங்களா" என்று கதவோரமாகவே நின்று பேசிவிட்டுப் போவாள். டாடி படுத்த பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை, நான்தான் பயந்துபோய் ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றினேன். டாடி கண்ணைத் திறந்து "என் பையன் வேலையில என்ன கொறைய கண்டே" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது, மறுபடி மாட்டினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் சிரிலும் பேசி ஒரு மாதம் ஆகிறது. காரணம் அந்த ஒரு படம். டாடியின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமாகச் சுற்றி நின்று எடுக்கிற படத்தில், மூத்த மகன் நிற்கிற தலைமாட்டில், நீ கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாய். விசா காகிதம் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள் என்று நீ அங்கே தவித்த தவிப்பு எனக்குத் தெரியும். அப்படி வர முடியாமல் போனவனை வந்ததாகக் காட்டினால் உனக்கு எப்படி இருந்திருக்கும். கோலார் அத்தை வேறு அதைப் பார்த்துவிட்டு "வந்துட்டு எங்களப் பாக்காமயே போயிட்டியாப்பா" என்று உன்னையே கேட்டார்களாம். எல்லாருக்கும் வெளிச்சம் இடது பக்கம் விழுகிறது, உனக்கு மட்டும் வலது பக்கம் விழுகிறது என்று பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாய். "கேமரா எடுக்காத இடத்த நாங்க கருப்பாவே விட்டுடுவோம், இட்டு நிரப்ப மாட்டோம், நீ டாடி சாவுலயே பொய்ய ஒட்டிட்டே" என்று சிரிலுக்கு எழுதினாய். அவன் எனக்குக் காட்டவில்லை, அவன் குளிக்கப் போனபோது நானே அவன் போனை எடுத்துப் பார்த்தேன்.

டிரேவர், அதைச் செய்தது சிரில் இல்லை, நான். மூன்றாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் யாருக்கும் சொல்லாமல், அடக்கத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோ எத்திராஜிடம் போனேன், உன் சித்தப்பா மகன் லாயிட் கல்யாணத்தில் நீ நிற்கிற படத்தைக் கொடுத்து உன்னைத் தலைமாட்டில் ஒட்டச் சொன்னேன். "ஆன்ட்டி, இதுல சிரிச்சிக்கினு இருக்காரே, பரவால்லியா" என்று அவர் இரண்டு தடவை கேட்டார், நீ முழு ஆளாக நிற்பது அது ஒன்றுதான் என் கையில் இருந்தது. எல்லாருக்கும் அனுப்பு என்று சிரிலிடம் கொடுத்தேன். "வேணாம் மம்மி, அவன் மனசு ஒடஞ்சிடும்" என்றான், நான் கேட்கவில்லை. நீ திட்டிய பிறகு உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "டாடியும் இல்ல, உன்மேலயும் கோவம் வந்துட்டா அவனுக்கு யாரு இருக்காங்க, அது என்மேலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டான்.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாடி போன அன்று மத்தியானமே அவருக்குக் கண் மங்கிவிட்டது, ஆள் அடையாளம் தெரியவில்லை, "டிரேவர் வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கச் சகிக்காமல் வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன். "கிட்ட வரச்சொல்லு" என்றார். சிரில் அப்போதுதான் கடையிலிருந்து சாப்பிட வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தான், கட்டிலருகில் முட்டிபோட்டு "டாடி, நான் டிரேவர்" என்றான். டாடி இரண்டு கையையும் அவன் தலைமேல் வைத்து உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார், உன் கண்ணையும் கையையும் நீ பார்க்கிற வேலையையும் ஆண்டவர் காக்க வேண்டும் என்றார், எத்தனையோ நாளைக்குப் பிறகு குரல் அவ்வளவு தெளிவாக வந்தது. பிறகு "சிரில் எங்க, அவனுக்கும் பண்ணணும், கூப்புடு" என்றார். சிரில் சத்தமில்லாமல் எழுந்து வாசல்வரை போனான், அங்கிருந்து சிரிலாகத் திரும்பி வருவதற்கு. அவன் கட்டிலுக்கு வருவதற்குள் டாடி கண்ணை மூடிவிட்டார், அதற்குப் பிறகு திறக்கவில்லை, ஆறு மணிக்கு மூச்சு நின்றது. சாகிற மனுஷனிடம் பொய் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று எனக்கு ஆறவில்லை, படத்திலாவது நீ வந்திருந்தால் அது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். என்னை மன்னித்துவிடு. அந்த ஒட்டுப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டேன், எத்திராஜ் முதலில் எடுத்ததையே வாங்கி வைத்திருக்கிறேன், தலைமாட்டில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஆண்டவர் உன்னைத் தம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், உன் காகிதங்கள் சீக்கிரம் கைக்கு வரட்டும். இது கிடைத்ததும் எனக்குப் போன் பண்ணாதே, சிரிலுக்குப் பண்ணு, எடுக்காவிட்டால் எடுக்கிறவரை பண்ணு. நீ மூத்தவன். டாடி அவனுக்குப் பண்ணாமல் போன ஜெபத்தை நீ பண்ணு. நான் அவனை முட்டிபோடச் சொல்கிறேன்.

உன் மம்மி,
பிரிஸில்லா ஜெயராஜ்