ஐஸ் பெட்டிக்குள் இரண்டு ஆயில் பாட்டில்கள்

மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் ஆயில் பாட்டிலை வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கிய என் அன்பு அப்பாவுக்கு,

இன்றும் அந்தப் பெட்டிக்குள் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. இந்த முறை வைத்தவள் நான். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் இந்தத் தாளைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு மறுபடி எடுக்கிறேன்.

நீங்கள் கண்மூடிய பின் நம் படகை அண்ணன்தான் ஓட்டுகிறான். இஞ்சின் ஆயில் மாமாவின் கடையிலிருந்து வருகிறது. "எங்க அண்ணன் இல்லன்னா நம்மள யாருளா பாப்பா?" என்று அம்மா சொல்லாத நாளில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு மாதமாக இஞ்சின் சூடானதும் ஆயில் பிரஷர் முள் கீழே இறங்குகிறதாம். ஆயில் சரியில்லையோ என்று அண்ணன் கேட்டதற்கு மாமா சிரித்தார். "ஏலே மருமவனே, டப்பாவுல என்ன போட்டிருக்கு, வாசி. சிந்தெடிக். மச்சான் ஊத்துன அதே ஆயிலு. மீட்டருதாம்ல பழசு, அத மாத்து."

அண்ணன் மீட்டரை மாற்றினான். முள் மறுபடியும் இறங்கியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, யாரும் கடலுக்குப் போகவில்லை. அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனேன். நம் படகும் மாமா படகும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் மாமாவே ஆயில் மாற்றினார். டப்பாக்களில் ஒரே லேபிள். பிறகு உங்களைப் போலவே புது ஆயிலை விரலில் தொட்டு, நம் இஞ்சின் மேல் சிலுவை போட்டார். சிலுவை போட்ட ஆயிலைச் சந்தேகிக்க அண்ணனுக்கு வாய் வருமா? ஆனால் நீங்கள் ஐஸில் வைத்துப் பார்த்த பிறகுதானே சிலுவை போடுவீர்கள்? அதை ஏன் எல்லோரும் மறந்துவிட்டார்கள்?

டப்பாக்களின் அடியில் மிச்சம் இருந்ததை, பையில் ஒளித்துக் கொண்டுபோயிருந்த இரண்டு டானிக் பாட்டில்களில் தனித்தனியாக வடித்தேன். மாமா பார்த்துவிட்டார்.

"ஏளா, அத வச்சு என்ன செய்யப் போற?"

"தையல் மிஷினுக்கு மாமா."

"ஒரு மிஷினுக்கு ரெண்டு பாட்டிலா?"

நான் பாட்டில்களைப் பைக்குள் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. காலி டப்பாக்களை எப்போதும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறவர், இன்று இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து ஐஸை உடைத்தேன். நீங்கள் செய்வதுபோல் குளிர் ஏற உப்பை அள்ளிப் போட்டுக் கிளறி, பாட்டில்களைப் புதைத்தேன். ஒருமுறை இரண்டு கம்பெனி சிந்தெடிக் ஆயில்களை இப்படி வைத்துச் சாய்த்தீர்களே, நினைவிருக்கிறதா? மூடிவரைக்கும் வர ஒன்று ஐந்து எண்ணிக்கை எடுத்தது, இன்னொன்று ஏழு. "ரெண்டும் நல்லதுதாம்ளா, இவன் மட்டும் கொஞ்சம் சோம்பேறி" என்றீர்கள். அசல் சிந்தெடிக் இந்தக் குளிருக்கெல்லாம் அசையாமல் நிற்காது, மட்ட ஆயில்தான் உறையும் என்றும் சொன்னீர்கள்.

மாமா படகின் ஆயில் ஆறு எண்ணுவதற்குள் மூடிக்கு வந்துவிட்டது.

நம் படகின் ஆயிலைச் சாய்த்து நூறுவரை எண்ணினேன். அது அசையவே இல்லை.

ஒரு பக்கம் ஐஸ் அதிகமோ என்று பாட்டில்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். மாமா ஏமாந்திருந்தால் அவர் படகிலும் இதே ஆயில்தானே இருந்திருக்க வேண்டும்? அவருடையது மட்டும் எப்படி அசல்? ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனா? என் கணக்கு தப்பென்றால், நான் சொல்லும் வீண்பழியால் அம்மாவுக்கு அவள் அண்ணன் இல்லாமல் போவார். சரியாக இருந்தும் நான் சும்மா இருந்தால், நாளை நடுக்கடலில் இஞ்சின் ஜாம் ஆகும். நீரோட்டம் படகை எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போகும். யாரிடம் கேட்பேன் அப்பா? உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "சாய்ச்சுப் பாருளா" என்பீர்கள்.

விடிவதற்கு முன் அண்ணன் புறப்படுவான். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வாசலை மறித்து நிற்பேன். இரண்டு பாட்டிலையும் அவன் கையில் கொடுத்து, "சாய்ச்சுட்டு எண்ணு" என்று மட்டும் சொல்வேன். அவன் எண்ணி முடிக்கும்வரை வழி விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஐஸ் உருகுகிறது. எழுந்து இன்னும் கொஞ்சம் உப்புப் போட வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிய மகள்,
ஜெசி