அங்கோலாவுக்கு இனி நிதி இல்லை

மொந்தெவிதேயோ,
11 மார்ச் 1996

அன்புள்ள அதேமார்,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் ராணுவத் தலைமையகம் தகவல் சொல்லியிருக்கும். மூன்றாவது முறையாக உன் பணிக்காலத்தை நீட்டிக்கச் சொல்லி நீயே கையெழுத்துப் போட்டாய் என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

செய்தி இதுதான்: கீழவையில் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறேன். அங்கோலாவில் உள்ள ஐ.நா. அமைதிப் படைக்கு உருகுவாய் தரும் நிதி நிற்கும். நம் வீரர்கள் எல்லாரும் வீடு திரும்புவார்கள். காரணங்களை நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். சிக்கனம், இறையாண்மை, பள்ளிக்கூடக் கூரைகள். உன் பெயர் அதில் எங்கும் இல்லை. தேடாதே.

நேற்று இங்கே மழை. மழை நாளின் வழக்கப்படி மாவு பிசைந்து பொரித்தேன். இரண்டு பேருக்குச் செய்து ஒருத்தியாகத் தின்றேன்.

உன்
நில்டா


அங்கோலா,
2 ஏப்ரல்

அன்பு நில்டா,

மசோதாவின் நகலும் கடிதமும் சேர்ந்தே வந்தன. இரண்டில் மசோதாவில்தான் பாசம் கொஞ்சம் கூடுதல்.

முகாமில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சார்ஜென்ட் பீரிஸ் நம் ஊர் மத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே, "மேஜர், மேடம் நம்மள வீட்டுக்கு அனுப்புறாங்களாமே! என் மாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றான். கூடாரமே சிரித்தது.

விளையாட்டு போகட்டும். இங்கே கண்ணிவெடி அகற்றிய பாதையில் இப்போதுதான் பெண்கள் சந்தைக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு பாலம் என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. நம் வீட்டில் குழாய் ஒழுகினால்கூடப் பிளம்பர் உன்னைத்தான் கேட்பான். மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்.

மத்தே இலை தீரப்போகிறது. ஒரு பொட்டலம் அனுப்பு.

அதேமார்


மொந்தெவிதேயோ,
20 ஜூன்

அதேமார்,

கீழவையில் நிறைவேறிவிட்டது. ஒரே ஓட்டில். மேலவையிலும் நிறைவேறும், எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஒரு ஓட்டு எப்படி வந்தது என்று கேள். எதிர்க்கட்சி பெந்தான்கூர் காலையில் நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க நில்டா, உங்க வீட்டுக்காரர் வரணும்னா விமான டிக்கெட் எடுத்துக் குடுங்க. இதுக்குப் போய் ஒரு சட்டமா?"

"எடுத்துக் குடுத்தேன். திருப்பி அனுப்பிட்டான்."

அந்த மனிதர் நேராக உள்ளே போய் என் மசோதாவுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். சிக்கனத்தின் மீதுள்ள பற்றினால் கட்சி மாறி ஓட்டளித்தார் என்று பத்திரிகைகள் புகழ்கின்றன.

மத்தே இலை அனுப்பவில்லை. வந்து குடி.

நில்டா


அங்கோலா,
9 ஆகஸ்ட்

அன்பு நில்டா,

மேலவையும் சம்மதித்துவிட்டதாமே. வாழ்த்துகள். வீரர்கள் பெட்டி கட்டுகிறார்கள். பீரிஸ்கூட மாமியாருக்குத் துணி வாங்கிவிட்டான்.

கோபப்படாமல் படி. நான் ராணுவத்திலிருந்து விலகிவிட்டேன். ஐ.நா. அலுவலகம் இங்கேயே போக்குவரத்துப் பொறுப்புக் கொடுத்திருக்கிறது; சம்பளம் நியூயார்க்கிலிருந்து வரும். உன் சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். மிக நேர்த்தியான சட்டம். என்னைத் தொடுகிற பிரிவு மட்டும் அதில் இல்லை.

பாலம் முடியட்டும். வருகிறேன்.

அதேமார்


மொந்தெவிதேயோ,
3 செப்டம்பர்

அதேமார்,

நேற்று விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். சட்டம் கொண்டுவந்தவள் அல்லவா, மாலையோடு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பீரிஸின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க புண்ணியத்துல என் மனுஷன் வந்துட்டான் மேடம்! உங்க வீட்டுக்காரர் எந்த வரிசைல வர்றாரு?" என்று கேட்டாள். பீரிஸ் அவள் காலை மிதித்தான். நல்ல பையன்.

ஊரில் உள்ள எல்லாருடைய கணவன்மாரும் என் சட்டத்தால் வந்துவிட்டார்கள். பிழை என்னுடையதுதான், நிதியை நிறுத்தினால் நீ வருவாய் என்று கணக்குப் போட்டேன். உன்னை அங்கே வைத்திருந்தது நிதி இல்லை.

ஆகவே இந்த முறை புதிய மசோதா எதுவும் இல்லை. நம் பாட்டிமார் காலத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, உனக்கும் தெரியும்: மனைவி விரும்பினால் போதும், விவாகரத்து. காரணம் சொல்ல வேண்டாம், கணவன் சம்மதம் வேண்டாம். மூன்று தடவை நேரில் போய் 'ஆமாம், இதுதான் என் விருப்பம்' என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டும். நீயும் மூன்று தடவை கையெழுத்துப் போட்டவன், நியாயம் புரியும். முதல் தடவை இன்று காலை சொல்லிவிட்டு வந்தேன்.

பாலத்தை நன்றாகக் கட்டு. அந்தப் பெண்கள் சந்தைக்குப் போகட்டும். அதை நான் மனதாரச் சொல்கிறேன். மத்தே இலை இரண்டு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இதற்குத் தேவை ஒரே ஓட்டு. அது என்னிடம் இருக்கிறது.

நில்டா எச்செவர்ரி